ஒன்று வீடு சேர்ந்தது, ஒன்று வழியில் நின்றது

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் 'வெடித்துவிட்டது' என்ற சொல்லுக்குத் தடை இருந்தது. எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. கோமதி டாக்டரம்மாவின் வாய்மொழி உத்தரவு. கர்ப்பப்பைக்குப் போகவேண்டிய கரு வழியிலேயே கருக்குழாயில் தங்கிவிட்டால், அது வளர வளரக் குழாய் தாங்காது. கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். மற்ற ஊர்களில் டாக்டர்கள் இதை 'டியூப் வெடிச்சிருச்சு' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். சிவகாசியில் அப்படிச் சொல்ல முடியாது. வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் பட்டாசுக் கம்பெனி ஆட்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் 'எந்தக் கம்பெனி, எம்புட்டு ஆளு' என்று எழுந்து தெருவுக்கு ஓடுவார்கள். வெளியூரிலிருந்து புதிதாக வந்த சின்ன டாக்டர் ஒருவர் தெரியாமல் சொல்லிவிட்டார். நோயாளியின் மாமனார் அங்கேயே மயங்கி விழுந்தார். அவருக்கும் ஒரு கட்டில் ஒதுக்கி குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து 'கிழிஞ்சிருச்சு' மட்டும்தான்.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ரேவதி. நான் ஓய்வு பெற்ற பிறகு ஆபரேஷன் தியேட்டரில் என் இடத்தில் நிற்பவள். போன மாதம் ஒரு மத்தியானம் போன் செய்தாள்.

"சிஸ்டர், ஒரு சந்தேகம். கர்ப்பப்பையில ஒரு பிள்ளை நல்லா இருக்கு. அதே ஆளுக்கு டியூப்லயும் ஒண்ணு இருக்கு. இப்படியும் வருமா?"

"வரும்."

"நீங்க பாத்திருக்கீகளா?"

"பாத்திருக்கேன். இப்ப அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"சின்னதா மூணு ஓட்டை போட்டு டியூப்பை எடுத்தாச்சு. உள்ள இருக்கிற பிள்ளை நல்லாருக்கு. ரசஞ்சோறு வேணும்னு கேட்டுக்கிட்டு இருக்கா."

ரசஞ்சோறு கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள் என்றால் அப்புறம் என்ன. எனக்குச் சிரிப்பு வந்தது. ரேவதி விடவில்லை. "புதுசா வந்திருக்கிற பிள்ளைகளுக்கும் தெரியணும் சிஸ்டர். போன்ல சொன்னா நாங்க மறந்துருவோம். நீங்க பாத்ததை எழுதிக் குடுங்க" என்றாள். வீட்டில் சும்மாதானே இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். உண்மையும் அதுதான்.

நான் விருதுநகர்க்காரி. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, புளிக்கடை. நர்சிங் படிக்கப் போகிறேன் என்றதும் எங்கள் பெரிய மாமு, 'பொம்பளப்பிள்ளைக்கு ரத்தத்துல கை வைக்கிற வேலை எதுக்கு' என்றார். அத்தா நிதானமாக, 'உங்க மூல ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டது பொம்பளப்பிள்ளைதானே மச்சான்' என்றார். மாமு அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மதுரையில் படித்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றுக்கொண்டேன். ஹாஸ்டல் சாம்பாரைச் சகித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். முடித்துவிட்டு, விருதுநகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, சிவகாசியில் கோமதி டாக்டரம்மாவிடம் சேர்ந்தேன். காலையில் ஆமத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் இடம் கிடைக்கும். வேலையை விட்டு இறங்கும்வரை அந்தப் பஸ்தான், அந்த ஆஸ்பத்திரிதான்.

டாக்டரம்மா அச்சுத்தொழில் நடத்தும் வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்தவர். ஆள் குள்ளம். ஆபரேஷன் மேஜைக்கு உயரம் எட்டாமல், மரத்தில் ஒரு முக்காலி செய்து வைத்து அதன்மேல் ஏறி நின்றுதான் ஆபரேஷன் செய்வார். நோயாளியைப் பார்க்க வார்டுக்கு வந்தால் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். 'சொல்லுங்க' என்பார். பிறகு எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். வயிற்று வலியைச் சொல்ல வந்தவர் கொழுந்தனார் மகளின் காதுகுத்திலிருந்து ஆரம்பித்தாலும் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குத்தான் உள்ளுக்குள் பரபரப்பாக இருக்கும்.

அவரிடம் வேறு எந்த டாக்டரிடமும் நான் பார்க்காத ஒரு பழக்கம் உண்டு. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லிவிடுவார். அதுவும் சிரித்த முகத்தோடு. 'எனக்கு இன்னும் தெரியலை. தெரிஞ்சதும் உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லுவேன்.' கேட்டவர்கள் திகைத்துப்போவார்கள். 'டாக்டருக்கே தெரியலையாம்' என்று வராந்தா முழுக்கப் பேச்சு ஓடும். ஒரு மில் முதலாளி வீட்டம்மா கோபித்துக்கொண்டு மகளை வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மூன்றாம் நாள் திரும்பக் கூட்டிவந்தார். 'அங்க எல்லாம் தெரியும்னு சொன்னாங்க. ஆனா ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க' என்றார்.

தியேட்டருக்குள் வேறு மாதிரி. செய்யப்போவதை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லுவார். 'இப்ப தோலைத் திறக்கப்போறேன். இப்ப கட்டப்போறேன்.' கத்தியோ நூலோ கேட்டுக் கை நீட்டும் வழக்கம் கிடையாது. சொல் வரும்போதே கருவி அவர் கைக்கு வந்திருக்க வேண்டும். வேறு பேச்சு எதுவும் கூடாது. ரத்தம் ஒற்றும் துணிகளை எல்லாம் எண்ணி, 'சரியா இருக்கும்மா' என்று நான் சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறும். 'ஜமீலா, இன்னைக்கு வீட்டுல என்ன குழம்பு?' என்பார். அந்தக் கேள்வி வந்தால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எல்லோரும் பேசலாம்.

நான் சேர்ந்த புதிதில் குழாய்க் கர்ப்பம் என்றால், தான் கர்ப்பம் என்றே தெரியாத பெண்கள்தான் வருவார்கள். வெளிறிப்போய், ஆட்டோவில் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க. 'நாள் தள்ளிப்போச்சா' என்று கேட்டால், 'இல்லையே, லேசா ரத்தம் பட்டுக்கிட்டுத்தானே இருக்கு' என்பார்கள். பிறகு காலம் மாறியது. மதுரையில் கருத்தரிப்பு மையங்கள் வந்தன. எங்கள் பக்கத்துப் பெண்கள் பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். கரு உண்டான முதல் நாளிலிருந்தே அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இனி இந்தத் தொல்லை குறையும் என்று நான் நினைத்தேன். குறைந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இதுவரை புத்தகத்தில் மட்டும் இருந்தவை எல்லாம் நேரில் வர ஆரம்பித்தன.

ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி வந்தார். இரண்டு கருக்குழாய்களையும் முன்பே எடுத்தாயிற்று. மதுரையில் கருவை நேரடியாகக் கர்ப்பப்பைக்குள் வைத்திருந்தார்கள். 'எனக்குக் குழாயே கிடையாது சிஸ்டர், எனக்கு எப்படிக் குழாயில வரும்' என்று என்னிடமே வாதாடினார். வெட்டிய குழாயில் மிஞ்சியிருந்த அடித்துண்டில் போய் உட்கார்ந்திருந்தது கரு. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டதால் ஊசி மருந்திலேயே கரைந்துவிட்டது. பிற்பாடு அதே பெண் சரியான இடத்தில் வைத்த கருவோடு வந்து, பையன் பெற்று, எங்கள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

ரேவதி கேட்டது பாண்டிச்செல்வியின் கதை.

பாண்டிச்செல்விக்கு ஆமத்தூர். புருஷன் மகேசு பட்டாசுக் கம்பெனி வேன் டிரைவர். காலையில் ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றிக் கம்பெனியில் இறக்குவது அவர் வேலை. மாமியார் குருவம்மா அதே கம்பெனியில் தரைச்சக்கரப் பட்டாசு சுற்றும் பிரிவில் இருந்தார். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாமல், மதுரை மையத்தில் வைத்தியம் பார்த்தார்கள். முட்டை வளர்வதற்கான ஊசிகளைத் தினமும் மதுரை போய்ப் போட முடியாதே. சீட்டைக் கொண்டுவந்து எங்கள் ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்வாள். கூடவே குருவம்மாவும் வருவார், அலுமினியப் பவுடர் ஒட்டிய வெள்ளிக் கைகளோடு.

ஒருநாள் குருவம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏத்தா சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். மதுரையில ஸ்கேன் பாத்துட்டு 'முட்டை வெடிச்சிருக்கு, ரெண்டு வெடிச்சிருக்கு'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுதாக. வெடிச்சா நல்லதா?"

"இதுல மட்டும் நல்லதுக்கா. முட்டை வெளிய வந்தாத்தானே கரு உண்டாகும்."

"நான் சின்னதுல இருந்து வெடிக்கக்கூடாதுன்னு சாமி கும்பிட்டுக்கிட்டே வேலை பாக்கேன். இப்ப வெடிக்கணும்னு வேற கும்பிடணுமாக்கும்."

கும்பிட்டிருப்பார் போலிருக்கிறது. அந்த முறை பலித்தது. கர்ப்பப்பையில் கரு நன்றாக இருக்கிறது, துடிப்பும் வந்துவிட்டது என்று மதுரையில் ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். மறுநாள் வேனில் ஏறிய அத்தனை பேர் கையிலும் குருவம்மா காராச்சேவுப் பொட்டலம் ஒன்றைத் திணித்தாராம்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை. ஓ.பி. அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. எங்கள் வாசலில் கம்பெனி வேன் வந்து நின்றது. கதவு திறந்ததும் பெண்களும் ஆண்களுமாக வரிசையாக இறங்கினார்கள், கையில் தூக்குவாளியோடு. விபத்தோ என்று வாசலுக்கு ஓடினேன். பிறகுதான் முன்சீட்டிலிருந்து பாண்டிச்செல்வியைக் கைத்தாங்கலாக இறக்குவதைப் பார்த்தேன். முந்தின நாளிலிருந்து வயிற்றில் வலி. போனில் மதுரையைக் கேட்டபோது, ஊசியினால் முட்டைப்பை வீங்கியிருக்கும், இரண்டு நாளில் வடியும், அதிகமானால் உடனே பக்கத்தில் காட்டுங்கள் என்றிருக்கிறார்கள். அன்று காலை எழுந்து நின்றவளுக்குத் தலை சுற்றிவிட்டது. மகேசு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த வேனிலேயே அவளையும் ஏற்றிவிட்டார். முதலில் கம்பெனியில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகலாம் என்றபோது வேனில் இருந்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம். "கம்பெனி எங்கயும் ஓடிறாதுலே. நேரா ஆஸ்பத்திரிக்கு விடு" என்றார்களாம். அப்படித்தான் ஒரு வேன் லோடு ஆள் எங்கள் வராந்தாவில் வந்து உட்கார்ந்தது.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மாவோடு நானும் சின்ன டாக்டர் அனிதாவும் குருவம்மாவும் இருந்தோம். திரையில் கர்ப்பப்பைக்குள் பிள்ளை பளிச்சென்று தெரிந்தது. துடிப்பு நன்றாக இருந்தது. அறையில் இருந்த எல்லோருக்கும் மூச்சு வந்தது. முட்டைப்பைகள் இரண்டும் வீங்கியிருந்தன. வயிற்றுக்குள் கொஞ்சம் நீர் கோத்திருந்தது.

"மதுரையில சொன்னது சரிதான் மேடம். ஊசியோட வீக்கம். நீரும் அதுனாலதான்" என்றார் அனிதா. அவர் சொன்னதில் தவறே இல்லை. பிள்ளை கர்ப்பப்பையில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, குழாயிலும் ஒன்று இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

"பிள்ளை நல்லாருக்குல்ல டாக்டரம்மா, அது போதும்" என்று குருவம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

டாக்டரம்மா மூக்கை லேசாக உறிஞ்சினார். "தைல வாடை வருதே. யாரு தேச்சது?"

"நாந்தான். ராத்திரி பூராம் தேச்சேன்."

"வயித்துலயா?"

"வயித்துல எப்படித் தேய்க்க? உள்ள பிள்ளை இருக்கே. தோள்ல தேச்சேன்."

"வயித்து வலிக்கு எதுக்குத் தோள்ல?"

"அங்கனதானே வலிக்குதுங்குறா. எந்திரிச்சு உக்காந்திருந்தா ஒண்ணுமில்ல. படுத்தா தோள்பட்டையைப் பிடிச்சு இழுக்குதாம். வாயு மேல ஏறியிருக்கும்னு தேச்சேன்."

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "செல்வி, நீ சொல்லு" என்றார். பாண்டிச்செல்வி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதே வலி, அதே தோள். வயிற்றுக்குள் ரத்தம் தேங்கினால், படுக்கும்போது அது மேலே ஓடி நெஞ்சுக்குக் கீழே இருக்கும் சவ்வைத் தொடும். வலி தோளில் தெரியும். இதை அவர் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். ஆனால் வெறும் நீர் சேர்ந்தாலும் சில சமயம் அப்படித் தெரியும். ரத்தமா, நீரா என்பதில்தான் எல்லாம் இருந்தது. நீராக இருந்தால் வயிற்றைத் திறக்கவே கூடாது. ரத்தமாக இருந்தால் திறக்காமல் இருக்கக் கூடாது.

"எனக்கு இன்னும் தெரியலை" என்றார் டாக்டரம்மா. "ஒரு ஊசி குத்திப் பாத்தாத் தெரிஞ்சுரும். பிள்ளை கிட்டப் போகாது. ஓரமாத்தான் குத்துவேன்."

பாண்டிச்செல்வி தலையசைத்தாள். அவள் உதடு வெளிறியிருந்தது. ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே, அடிவயிற்றின் பக்கவாட்டில், நீர் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் ஊசியை இறக்கினார் டாக்டரம்மா. சிரிஞ்சுக்குள் வந்தது நாவல்பழச் சாறு நிறத்தில் இருந்தது. அனிதா கிட்ட வந்து பார்த்தார். ஆனால் அதோடு முடியவில்லை. ஊசி ஏதாவது ரத்தக்குழாயில் பட்டிருந்தாலும் ரத்தம் வரும். டாக்டரம்மா அதைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி என் கையில் கொடுத்தார். ரத்தக்குழாயிலிருந்து வந்ததாக இருந்தால் சற்று நேரத்தில் உறைந்து கட்டியாகிவிடும். வயிற்றுக்குள் தேங்கிக் கிடந்த ரத்தம் உறையாது.

குப்பியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வராந்தாவில் யாரோ தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தார்கள். புளிச்சோற்று மணம் உள்ளேவரை வந்தது. உறைந்துவிடு, உறைந்துவிடு என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கண்ணால் கேட்டார். குப்பியைச் சாய்த்தேன். தண்ணீர்போல ஓடியது.

மகேசையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா மூவரையும் பார்த்துச் சொன்னார்: "கரு ஒண்ணு இல்லை. ரெண்டு இருக்கு."

குருவம்மாவின் முகம் மலர்ந்தது. "ரெட்டையா டாக்டரம்மா?" அந்த முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு வீடு சேந்துருச்சு. இன்னொண்ணு வழியிலயே நின்னுருச்சு. குழாயில அது வளர இடம் கிடையாது. அந்த இடம் கிழிஞ்சு உள்ள ரத்தம் போய்க்கிட்டு இருக்கு. இப்பவே எடுத்தாகணும்."

"வேன் வாசல்லயே நிக்குது. மதுரைக்குக் கொண்டுபோயிறவா?" என்றார் மகேசு.

"அம்புட்டுத் தூரம் தாங்க மாட்டா தம்பி."

பாண்டிச்செல்விதான் கேட்டாள். "அதை எடுத்தா, உள்ள இருக்கிறது?"

"தெரியலைம்மா. கர்ப்பப்பையைத் தொடாம எடுக்கப் பாக்கேன். எடுக்காம விட்டா நீயே இருக்க மாட்டே."

அவள் அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப தொடாமலே எடுத்துருங்க" என்றாள்.

ரத்தம் வேண்டியிருந்தது. ரத்த வங்கியில் அவளுடைய வகை இருந்தது. பதிலுக்கு ஆட்கள் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். வராந்தாவில் சொன்னதும் வேன் ஆட்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். வேனிலேயே வங்கிக்குப் போனார்கள். பெண்களில் பலருக்கு உடம்பில் ரத்தம் போதாது என்று திருப்பிவிட்டார்களாம். 'ரத்தம் குடுக்க வந்தா உனக்கே ஏத்தணும்ங்கான்' என்று திரும்பி வந்து புலம்பினார்கள். இதற்கிடையில் லோடு வரவில்லையே என்று தேடிக்கொண்டு கம்பெனி போர்மேன் மோட்டார் சைக்கிளில் வந்தார். சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடந்தது. கோபமாகத்தான் வந்தார். விஷயம் தெரிந்ததும், 'என் ரத்தத்தையும் பாருங்க' என்று போய்ப் படுத்துவிட்டார். அன்று அந்தப் பிரிவில் சக்கரம் சுற்றவே இல்லை.

மயக்க மருந்து டாக்டர் ஊரில் எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒருவர்தான். வேறிடத்தில் ஆபரேஷனை முடித்துவிட்டு ஹெல்மெட்டோடு வந்து சேர்ந்தார். டாக்டரம்மா முக்காலியில் ஏறும் முன் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "வழக்கமா கர்ப்பப்பையைக் கையில தூக்கித்தான் குழாயை வெளிய கொண்டுவருவோம். இன்னைக்கு யாரும் அதைத் தொடக் கூடாது. அனிதா, பாத்துக்கிட்டு மட்டும் இருங்க. ஜமீலா, வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துணி வேணும். சூடும் கூடாது, ஆறவும் கூடாது."

என் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பிள்ளைக்குக் குளிக்க ஊற்றும் தண்ணீரைப் பார்ப்பதுபோல.

வயிற்றைத் திறந்ததும் ரத்தம் பொங்கி வந்தது. உறிஞ்சும் குழாயை வைத்தார் அனிதா. பிறகுதான் கர்ப்பப்பை தெரிந்தது; ஒரு சாத்துக்குடி அளவு, இளஞ்சிவப்பாக. அதன்மேல் நனைந்த துணியைப் போர்த்தினேன். வலது பக்கக் குழாய் நுனியில் வீங்கிக் கிழிந்திருந்தது. "இப்ப குழாயைப் பிடிக்கப்போறேன்." நசுக்காமல் பிடிக்கும் வளைந்த இடுக்கியைக் கொடுத்தேன். குழாயை இழுக்கவில்லை; அது இருந்த இடத்துக்கு டாக்டரம்மா தன் கையைக் கொண்டுபோனார். "முட்டைப்பையைத் தொடமாட்டேன். பிள்ளை நிலைக்கிறதுக்கான ஹார்மோன் இப்ப அங்க இருந்துதான் வருது." குழாயின் அடியில் இருக்கும் மெல்லிய சவ்வைத் துண்டு துண்டாகப் பிடித்து, வெட்டி, கட்டினார். ஒவ்வொரு முடிச்சுக்கும் நூலை ஈரமாக்கிக் கொடுத்தேன். துணி ஆறுகிறது என்று தோன்றியபோதெல்லாம் மாற்றினேன். மின்சாரத்தால் சுட்டு ரத்தம் நிறுத்தும் கருவி பக்கத்திலேயே இருந்தது; அதைத் தொடவே இல்லை. எல்லாம் நூல்தான். கடைசி முடிச்சு விழுந்ததும் ரத்தம் நின்றது. உப்புநீரால் கழுவி, கட்டிகளை எடுத்து, வயிற்றை மூடினார்.

"துணி சரியா இருக்கும்மா" என்றேன்.

அவர் குழம்பைப் பற்றிக் கேட்கவில்லை. முக்காலியிலிருந்து இறங்கி, "ஸ்கேன் மிஷினை உள்ள தள்ளிட்டு வாங்க" என்றார்.

பாண்டிச்செல்வி இன்னும் தெளியவில்லை. கட்டுப்போட்ட இடத்தைத் தவிர்த்து, மிக லேசாகக் கருவியை வைத்தார். திரையில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் நிறமாக அலைந்தது. மயக்க டாக்டரும் தன் இடத்தை விட்டு எட்டிப் பார்த்தார். பிறகு அந்தச் சின்ன வட்டம் வந்தது. அதற்குள் ஒரு புள்ளி, விடாமல் துடித்துக்கொண்டு.

டாக்டரம்மா முகமூடியை இறக்கினார். "ஜமீலா, என்ன குழம்பு?"

எனக்குக் கத்திரிக்காய்க் குழம்பு என்று சொல்லுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அனிதா டாக்டர் என் பக்கம் திரும்பாமல் நின்றார். அவருக்கும் அதே நிலைதான்.

துடிப்பு இருக்கிறது என்று வராந்தாவில் சொன்னபோது குருவம்மா சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து ஒவ்வொருவர் தூக்குவாளியாக வாங்கி, அத்தனை பேருக்கும் தன் கையால் சோறு பிரித்து வைத்தார். எங்களுக்கும் ஒரு தட்டு வந்தது.

அடுத்து வந்த வாரங்களில் பாண்டிச்செல்வி ஸ்கேனுக்கு வரும்போதெல்லாம் நான்தான் முதலில் திரையைப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் பிள்ளை இருந்தது. வளர்ந்தது. உதைத்தது. பட்டாசு சீசன் எல்லாம் ஓய்ந்து கம்பெனி லீவு விட்டிருந்த ஒரு காலையில் சுகப்பிரசவமாகப் பெண் குழந்தை பிறந்தது. போர்மேன் உட்பட எல்லோரும் பார்க்க வந்தார்கள். யார் ரத்தம் யாருக்கு உறவு என்று அவர்களுக்குள் ஒரு பெரிய விவாதமே நடந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தப் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த சமயம், பாண்டிச்செல்வியும் குருவம்மாவும் மறுபடி வந்தார்கள். பாண்டிச்செல்வி தப்புச் செய்துவிட்டவள் மாதிரி என் காதோரம் வந்து சொன்னாள். "சிஸ்டர், ஊசி மாத்திரை எதுவும் போடலை. இருக்கிறது ஒரு டியூப்தான். அது பாட்டுக்கு வந்து நிக்குது. எனக்குப் பயமா இருக்கு."

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். "உள்ளதான் இருக்கு. துடிப்பு நல்லாருக்கு" என்றார். பாண்டிச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். குருவம்மா நகரவில்லை.

"இன்னொண்ணு எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கான்னு பாருங்க டாக்டரம்மா."

"ரெண்டு பக்கமும் பாத்துட்டேன்க்கா. ஒண்ணும் இல்லை."

"நான் பாக்கலையே."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே திரையை அவர் பக்கம் திருப்பினார். வலது பக்கம் காட்டினார், இடது பக்கம் காட்டினார். குருவம்மா கண்ணைச் சுருக்கி, அந்தச் சாம்பல் நிறத்தை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் சரக்கைச் சோதிக்கும் அதிகாரிபோலத் தலையை ஆட்டி, "சரி" என்றார். பிறகு நேராக வெளியே போய், வராந்தாவில் காத்திருந்தவர்கள் நடுவில் நின்று சொல்வது உள்ளேவரை கேட்டது. "உள்ள பிள்ளை இருக்குன்னு சொன்னதும் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு வந்துறாதீக. ரெண்டு பக்கமும் பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டுத்தான் இறங்கணும்."

அன்று மேஜையில் ஏறிய ஒவ்வொரு பெண்ணும் அதையே கேட்டாள். டாக்டரம்மா ஒவ்வொருவருக்கும் திரையைத் திருப்பி இரண்டு பக்கமும் காட்டினார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கடைசியாகச் சிறுநீரகக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்க வந்திருந்த பெரியவர் ஒருவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு மேஜையில் ஏறிப் படுத்தார்.

"வலி இந்தப் பக்கம்தாம்மா" என்றார். "ஆனா ரெண்டு பக்கமும் பாத்துருங்க. வெளிய ஒரு அம்மா கண்டிப்பாச் சொன்னாக."